அப்பா ‘உரிமை இல்லை’ என்று எழுதிக் கொடுத்தால் பிள்ளையின் உரிமையும் போய்விடுமா?

சகோதரி, உங்கள் கேள்வியை மூன்று முறை படித்தேன். புரிந்துகொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாலக்கோடு பக்கம் உங்கள் ஊர். பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து ஆகி 3 வருடம். பாப்பாவுக்கு இப்போது 7 வயது. மாதம் 4,000 ரூபாய் தருவதாகக் கோர்ட்டில் ஒப்புக்கொண்ட முதல் கணவர் ஐந்து மாதம் கொடுத்தார். பிறகு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர் குழந்தையை எட்டிப் பார்க்கவில்லை. வருகிற தையில் உங்களுக்கு மறுமணம். மாப்பிள்ளை ஓசூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறார், அவருக்கு முன்பு குழந்தைகள் இல்லை, பாப்பாவைத் தன் பிள்ளையாகவே வளர்க்கிறேன் என்கிறார். இது காதில் விழுந்ததும் முதல் கணவர் ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லியனுப்பியிருக்கிறார்: “அந்தப் புள்ள மேல எனக்கு எந்த உரிமையும் இல்லன்னு ஸ்டாம்பு பேப்பர்ல எழுதித் தர்றேன். பாக்கிப் பணம் கேக்கக் கூடாது, இனிமேலும் கேக்கக் கூடாது. எங்கப்பன் நெலத்துல நாளைக்குப் பங்குன்னு வரக் கூடாது.”

அந்தப் பேப்பரை வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் மனதில் இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன். ஒருவர் தகப்பன் என்ற நிலையிலிருந்து சட்டப்படி விலகிக்கொள்ள முடியுமா? முடிந்தால் அதில் குழந்தை எதை இழக்கும், எதைப் பெறும்? இதற்குத்தான் பதில் எழுதுகிறேன். தர்மபுரி, பாலக்கோடு, பென்னாகரம் கோர்ட்டுகளில் 20 வருடத்துக்கு மேலாகக் குடும்ப வழக்குகள் நடத்துகிறேன். நடுவில் 3 வருடம் குழந்தைகள் நலக் குழுவில் உறுப்பினராகவும் இருந்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் உறுதியாகத் தெரிந்தது. அந்தப் பேப்பரால் அவர் தகப்பன் இல்லை என்று ஆகிவிடாது. வெளிநாட்டுப் படங்களில் வருவதுபோல ஒரு கையெழுத்தில் பெற்றோர் உரிமையை முடித்துக்கொள்ளும் தனி வழக்கு நம் நாட்டில் கிடையாது. நம் சட்டம் இரண்டு விஷயங்களைப் பிரித்தே வைத்திருக்கிறது. குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொள்வது, பார்ப்பது, அதற்காக முடிவெடுப்பது எல்லாம் பெற்றவரின் உரிமை. சோறு, துணி, படிப்பு, வைத்தியம், வாரிசுப் பங்கு இவை குழந்தையின் உரிமை. தன்னுடைய உரிமையை அவர் பயன்படுத்தாமல் இருந்துகொள்ளலாம். குழந்தையின் உரிமையை விட்டுக்கொடுக்க அவருக்கும் அதிகாரமில்லை, உங்களுக்கும் இல்லை. அந்தப் பேப்பரில் ஊர்க்கவுண்டர் சாட்சி போட்டாலும் சரி, நோட்டரி சீல் வைத்தாலும் சரி, நிலை இதுதான். “எனக்கும் இவனுக்கும் ஒட்டு உறவு இல்லை” என்று பத்திரிகையில் போட்டோவோடு விளம்பரம் கொடுப்பதும் இதே கணக்குதான். அதைப் படித்து ஊர் நம்பும், சட்டம் நம்பாது.

நம் பக்கத்தில் ஊர் கூடித் தீர்த்து விடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கல்யாணத்தைத் தீர்த்து விடும்போதே பிள்ளையையும் சேர்த்துத் தீர்த்து எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதிய காகிதத்தைப் பதினைந்து வருடம் பத்திரமாக மடித்து வைத்திருந்து, மகள் கல்லூரியில் சேரும் சமயத்தில் என் மேசையில் விரித்த தாய்மார்கள் பலர். அந்தப் பேப்பருக்குப் பயந்து, கேட்டிருக்க வேண்டிய பணத்தை அவர்கள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஜீவனாம்சத்தை எடுத்துக்கொள்வோம். விவாகரத்து மனுவிலேயே “குழந்தைக்கு வருங்காலப் பராமரிப்பு கோர மாட்டேன்” என்று தாய் கையெழுத்துப் போட்டிருந்தாலும், அது குழந்தையைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, இப்போது 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு, இளவயதுப் பிள்ளைக்குத் தகப்பன் பராமரிப்புத் தர வேண்டும் என்கிறது. 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள முடியாத மகளுக்குத் திருமணம் ஆகும்வரை அந்தக் கடமை நீடிக்கும். 2020-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. நீங்கள் மறுமணம் செய்துகொண்டால் உங்களுக்கான ஜீவனாம்சம் நிற்கும், பாப்பாவுக்கானது நிற்காது. இரண்டையும் போட்டுக் குழப்பி, “அவ வேற கல்யாணம் பண்ணிக்கிட்டா, நான் எதுக்குக் கொடுக்கணும்” என்பார்கள். குழம்பாதீர்கள்.

பாக்கிப் பணத்தில் ஒரு அவசரம் இருக்கிறது. 144-ஆம் பிரிவில் வாங்கிய உத்தரவு என்றால், ஒவ்வொரு மாதத் தொகையும் கொடுக்க வேண்டிய தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் வாரண்டுக்கு மனுப் போட வேண்டும். அதைத் தாண்டிய மாதங்களுக்கு அந்த வழி அடைபட்டுவிடும். விவாகரத்துத் தீர்ப்பாணையிலேயே தொகை எழுதப்பட்டிருந்தால் நிறைவேற்று மனு போடலாம், அதற்குக் காலக்கெடு மிக நீளம். உங்களுடையது எது என்பது நீங்கள் எழுதியதிலிருந்து தெரியவில்லை. தீர்ப்பு நகலைப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். அதனால் ‘தை பிறக்கட்டும்’ என்று காத்திராமல் இந்த வாரமே அந்த நகலை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள்.

இப்போது பேப்பரும் வேண்டாம், புதுக் கணவர் பாப்பாவைத் தத்தெடுக்கவும் வேண்டாம், இருக்கிறபடியே விட்டுவிடலாம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது என்ன நிலை? பாப்பா உங்களிடம் இருப்பதில் மறுமணத்தால் மட்டும் மாற்றம் வராது. எதிலும் குழந்தையின் நலனே முதலில் என்று 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் சொல்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவு தகப்பனையும் தாயையும் இயற்கைக் காப்பாளர் என்று சொல்லிவிட்டு, மாற்றாந்தந்தையும் மாற்றாந்தாயும் அதில் அடங்க மாட்டார்கள் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. உங்கள் புதுக் கணவர் பாப்பாவை எத்தனை வருடம் தோளில் தூக்கி வளர்த்தாலும், நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், சட்டத்தின் கண்ணில் முதலில் தெரிபவர் பெங்களூர்க்காரர்தான். கோர்ட்டில் நலனைப் பார்த்து முடிவெடுப்பார்கள், வளர்த்தவரிடமே விடவும் வாய்ப்பு உண்டு. ஆனாலும் வளர்த்தவர் வெளியாளாக நின்றுதான் வழக்கைத் தொடங்க வேண்டியிருக்கும்.

சொல்லவே வாய் கூசும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தொப்பூர்க் கணவாய் விபத்து வழக்குகளில் நானே பார்த்தது. பத்து வருடம் முகம் காட்டாத அப்பன், இறந்த மகளின் நஷ்டஈட்டுக்கு வாரிசு என்று வந்து நிற்பான். திருமணமாகாத இந்துப் பெண் உயில் இல்லாமல் இறந்தால், அவள் சொத்துக்குத் தாயும் தகப்பனும் சேர்ந்து வாரிசு. கைவிட்டுப் போனான் என்பதற்காக அந்த வாரிசுரிமை தானாகப் போய்விடாது. அவர் எழுதிக் கொடுக்கும் காகிதமும் இதை மாற்றாது. பிள்ளை உயிரோடு இருக்கும்போதே, அதன் சொத்தில் தனக்கு வரக்கூடிய வாரிசுரிமையை விட்டுக்கொடுத்தேன் என்று எழுதுவதற்குச் சட்டத்தில் பெரிய மதிப்பில்லை.

அப்படியானால் உறவு எப்போதுதான் முடியும்? ஒரே வாசல்தான் இருக்கிறது, அது தத்து. அந்த வாசலுக்குப் போகிற பாதைதான் ஆளுக்கு ஆள் மாறும்.

ஒன்று, குழந்தையை அரசிடம் ஒப்படைப்பது. உங்களுக்கு இது தேவைப்படாது. ஆனாலும் நம் மாவட்டத்தில் இதைப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெண் சிசுக்கொலைக்காக நம் தர்மபுரியும் பக்கத்துச் சேலமும் தலைகுனிந்து நின்ற காலம் ஒன்று இருந்தது. 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் நம் மாவட்டத்துக்கும் வந்தது. இன்றைக்கு 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, வளர்க்க இயலாத பெற்றோர் குழந்தைகள் நலக் குழுவின் முன் வந்து ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்திடலாம். கணவன் மனைவி என்றால் இருவரும் போட வேண்டும், திருமணமாகாத தாய் என்றால் அவர் மட்டும் போதும். கையெழுத்துப் போட்டதுமே எல்லாம் முடிந்துவிடாது. மனம் மாறித் திரும்பி வருவதற்கு 2 மாதம் அவகாசம் உண்டு. நான் குழுவில் இருந்த நாட்களில், அவகாசம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, தாய்ப்பால் கசிந்து நனைந்த சேலையோடு பஸ் ஏறி வந்து பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போன ஒரு தாயை இன்னும் மறக்கவில்லை. அவகாசம் கடந்த பிறகுதான், குழுவில் குறைந்தது 3 உறுப்பினர்கள் சேர்ந்து, குழந்தை தத்துக்குச் சட்டப்படி தடையற்றது என்று அறிவிப்பார்கள். இப்படி முறையாக ஒப்படைப்பவர்கள் மேல் போலீஸ் வழக்குப் பதியக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. மாறாக, ஆஸ்பத்திரியிலேயே பிள்ளையில்லாத ஒருவர் கையில் பணத்துக்குக் கொடுத்துவிடுவது குழந்தை விற்பனைக் குற்றம், 5 வருடம் வரை கடுங்காவல் உண்டு. ஒருவருக்கும் தெரியாமல் கொடுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு ஒரு போன் போடுங்கள்.

உங்களுக்குப் பொருந்துவது மற்றது, மாற்றாந்தந்தை தத்தெடுப்பது. இதற்கே இரண்டு வழி உண்டு. இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி நேரடியாகக் கொடுத்து வாங்கும் தத்து ஒன்று. 2010-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு தத்துக் கொடுக்கும் உரிமை தாய்க்கும் தகப்பனுக்கும் சமம், ஆனால் மற்றவரின் சம்மதம் வேண்டும். விவாகரத்து ஆகிவிட்டது என்பதால் அந்தச் சம்மதம் தேவையில்லாமல் போகாது. அவர் துறவு பூண்டிருக்க வேண்டும், இந்து மதத்தை விட்டிருக்க வேண்டும், அல்லது மனநலம் சரியில்லாதவர் என்று நீதிமன்றம் அறிவித்திருக்க வேண்டும். இந்த மூன்றில்தான் சம்மதம் இல்லாமல் முடியும். ‘கைவிட்டுப் போய்விட்டார்’ என்பது இந்தப் பட்டியலில் இல்லை. இது அநியாயம் என்றே பல வருடமாக நினைக்கிறேன், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. எந்தத் தகவலும் இல்லாமல் 7 வருடம் ஆகிவிட்ட தகப்பனாக இருந்தால், இறந்ததாகக் கருதும்படி நீதிமன்றத்தில் கேட்க இடமுண்டு. உங்கள் விஷயத்தில் ஆள் இருக்கிறார், பேசவும் செய்கிறார்.

இங்கேதான் அவர் தருகிறேன் என்கிற கையெழுத்துக்கு மதிப்பு வருகிறது. ‘உரிமை இல்லை’ என்று எழுதுவதால் பயனில்லை. ‘இன்னாருக்குத் தத்துக் கொடுக்கச் சம்மதிக்கிறேன்’ என்று எழுதினால் பயனுண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், விளைவு மலைக்கும் மடுவுக்கும். அந்தச் சம்மதத்தோடு, தத்தெடுப்பவருக்கு ஏற்கெனவே மகளோ மகன் வழிப் பேத்தியோ இருக்கக் கூடாது, பெண் குழந்தையை ஆண் தத்தெடுப்பதால் வயது வித்தியாசம் 21 வருடமாவது வேண்டும், குழந்தைக்கு 15 வயது முடிந்திருக்கக் கூடாது. ஹோமம் வளர்க்க வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் கையால் கொடுத்துக் கையால் வாங்கும் செயல் நடந்தே ஆக வேண்டும். பத்திரம் மட்டும் எழுதிவிட்டு, கொடுத்து வாங்கும் செயலை விட்டுவிட்டதால் பின்னாளில் சொத்து வழக்கில் உடைந்துபோன தத்துகள் உண்டு. நாலு பேர் முன்னால் செய்யுங்கள், படம் எடுத்து வையுங்கள், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்யுங்கள். பதிவான பத்திரத்தில் கொடுத்தவரும் வாங்கியவரும் கையெழுத்திட்டிருந்தால், தத்து முறைப்படி நடந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். அவர் தத்தெடுத்தால் மனைவியான நீங்கள்தான் தத்துத் தாயாகவும் கருதப்படுவீர்கள். ஆக உங்கள் பக்க உறவு அறுந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

இன்னொரு வழி இளைஞர் நீதிச் சட்டப்படி, மத்திய தத்து வள ஆணையத்தின் இணையதளம் மூலம் போவது. தர்மபுரி கலெக்டர் அலுவலகத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரித்தால் வழிகாட்டுவார்கள். இதற்கும் பெற்ற தகப்பனின் சம்மதம் வேண்டும். 2022 செப்டம்பர் 1 முதல் தத்து உத்தரவைக் கோர்ட் அல்ல, கலெக்டர் பிறப்பிக்கிறார். குழந்தை 5 வயதைத் தாண்டியிருந்தால் அதன் சம்மதத்தையும் கேட்பார்கள். மதம் தடையில்லை. கிறிஸ்தவர், முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்த வழி உண்டு. குழந்தை யாரிடம் இருப்பது என்று வழக்கு நிலுவையில் இருந்தால் அது முடிந்த பிறகே தத்து நகரும். இரண்டில் எது நல்லது என்று கேட்டால், நான் என் தங்கைக்கு இரண்டாவதைத்தான் சொல்வேன். கையில் ஓர் உத்தரவு இருக்கும். பிறப்புச் சான்றில் பெயர் மாற்றும்போதும் பள்ளியில் நிற்கும்போதும் அதை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

சரி, தத்து முடிந்தது. இனி என்ன ஆகும்? இதுதான் நீங்கள் நன்றாக யோசிக்க வேண்டிய இடம். அந்தத் தேதியிலிருந்து பாப்பா எல்லா வகையிலும் புதுக் கணவரின் மகள். பெற்ற தகப்பன் குடும்பத்தோடு இருந்த கட்டு அறுந்தது. அவரிடம் மேற்கொண்டு ஜீவனாம்சம் கேட்க முடியாது, அந்தத் தேதிக்கு முந்தைய பாக்கி வேறு விஷயம். பார்க்க வருகிறேன் என்று அவர் உரிமை கோர முடியாது. பாப்பா அவருக்கு வாரிசு இல்லை, அவர் பாப்பாவுக்கு வாரிசு இல்லை. உங்களுக்கு ஒன்று என்றால் காப்பாளர் யார் என்ற கேள்வியே எழாது. ஓசூர்ப் பட்டறையிலும், இனி உங்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளோடும், பாப்பாவுக்குச் சமபங்கு. ஒன்று மட்டும் அறுவதில்லை. பிறந்த குடும்பத்தில் அண்ணன் தங்கை முறை ஆகிறவர்களைத் தத்துக்குப் பிறகும் கட்டிக்கொள்ள முடியாது. உறவுக்குள் பெண் எடுக்கிற நம் ஊரில் இதை நினைவில் வையுங்கள். பாப்பாவின் பெரியப்பா சித்தப்பா மக்கள் யார் யார் என்று பிற்காலத்தில் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நிலம் பற்றிக் கேட்டீர்கள். இதில் உறுதியான பகுதியும் உண்டு, உறுதியில்லாத பகுதியும் உண்டு. தத்துக்கு முன்பே குழந்தைக்குச் சொந்தமாகிவிட்ட சொத்து தத்துக்குப் பிறகும் அதனுடையதே. தாத்தா பேத்திக்குப் பதிவு செய்து செட்டில்மென்ட் எழுதியிருந்தாலோ, பாகப்பிரிவினையில் அவள் பங்கு தனியாகப் பிரிந்திருந்தாலோ, யாரும் அதைத் தொட முடியாது. இனிமேல் வரலாம் என்று எதிர்பார்க்கும் வாரிசுரிமைதான் போகும். இது உறுதி. ஆனால் பிரிக்கப்படாத கூட்டுக் குடும்ப நிலத்தில், பிறப்பாலேயே மகளுக்கு வருகிற பங்கு என்ன ஆகும்? தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுக்க 2005 செப்டம்பர் 9-லும் மகளுக்கு அந்தப் பிறப்புரிமை வந்தது. தத்துப் போனால் அது நிற்குமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒத்துப்போகவில்லை. 1981-ல் ஆந்திர உயர் நீதிமன்றம் நிற்கும் என்றது. 1992-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் மாறாகச் சொன்னது. 2023-ல் தெலங்கானா உயர் நீதிமன்ற முழு அமர்வு, முன்பே பாகம் பிரியாவிட்டால் போய்விடும் என்றது. போய்விடும் என்று எண்ணியே நீங்கள் முடிவெடுப்பது பாதுகாப்பு.

அதற்கும் முன்னால் ஒன்று பாருங்கள். அந்த நிலம் உண்மையிலேயே கூட்டுக் குடும்பச் சொத்தா? ஊரில் ‘பூர்வீகம்’ என்று சொல்வதெல்லாம் சட்டத்தில் பூர்வீகம் அல்ல. உங்கள் பழைய மாமனார் தன் பணத்தில் கிரயம் வாங்கியது என்றால் பேத்திக்குப் பிறப்புரிமை கிடையாது. 1956-க்குப் பிறகு அவருடைய அப்பா இறந்து, அந்த அப்பாவின் சொந்தச் சொத்து வாரிசுமுறையில் இவருக்கு வந்தது என்றாலும் அது பொதுவாக இவருடைய தனிச் சொத்துதான், 1986-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. பட்டாவை மட்டும் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது, மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் வேண்டும். பயந்துகொண்டு அவர் கேட்கிறாரே என்று, பாப்பாவின் பங்கை விட்டதாக நீங்கள் எந்த விடுதலைப் பத்திரத்திலும் கையெழுத்திடாதீர்கள். இளவயதுப் பிள்ளையின் அசையாச் சொத்தை விற்கவோ விடவோ கோர்ட் அனுமதி வேண்டும். இல்லாமல் செய்தால் மேஜரான பிறகு அவள் அதை எதிர்க்கலாம், அப்போது அந்த வழக்கில் எதிர்த்தரப்பில் நிற்பது அம்மாவான நீங்களாக இருக்கும்.

இன்னொரு கண்ணி. “பாக்கியைத் தள்ளுபடி பண்ணினால் தத்துக்குச் சம்மதம் போடுகிறேன்” என்று அவர் அடுத்தபடி பேரம் பேசலாம். அல்லது மாப்பிள்ளை வீட்டார் கரிசனத்தில் ஒரு தொகையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று நினைக்கலாம். தத்துக்காகப் பணமோ வேறு பிரதிபலனோ கொடுப்பதும் வாங்குவதும் 1956 சட்டத்தின் 17-ஆம் பிரிவில் குற்றம், 6 மாதம் வரை சிறை. பாக்கியைத் தள்ளுபடி செய்வதும் பிரதிபலன்தானா என்று ஒருவர் வாதிடலாம், இன்னொருவர் மறுக்கலாம். அந்த வாதத்துக்கே இடம் கொடுக்காதீர்கள். பாக்கி பாக்கியாகக் கோர்ட்டில் நடக்கட்டும், தத்து தத்தாகத் தனியே நடக்கட்டும்.

அடுத்து, பள்ளியில் பாப்பாவின் இன்ஷியலை மாற்றலாமா என்ற உங்கள் கேள்வி. 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், மறுமணம் செய்த தாய் குழந்தையின் குடும்பப் பெயரை முடிவு செய்யலாம் என்றது. புதுக் கணவரை ஆவணத்தில் ‘மாற்றாந்தந்தை’ என்று எழுதச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவை மிகக் கடுமையாகக் கண்டித்தது. படிக்க ஆறுதலான தீர்ப்பு. ஆனால் அந்த வழக்கில் பெற்ற தகப்பன் இறந்துபோயிருந்தார், உங்கள் வழக்கில் உயிரோடு இருக்கிறார். ஆகவே அதை அப்படியே உங்களுக்குப் பொருத்திச் சொல்ல நான் தயங்குகிறேன். தத்து ஆகும்வரை பள்ளிப் பதிவேட்டில் தகப்பன் பெயர் இருக்கும் இடத்தில் புதுக் கணவர் பெயரை எழுத வைக்காதீர்கள். பிறப்புச் சான்று ஒரு பெயர், டி.சி. ஒரு பெயர், ஆதார் ஒரு பெயர் என்று ஆகி, பத்தாம் வகுப்பில் பிள்ளை அலைய நேரும். பாஸ்போர்ட்டுக்கு 2016 டிசம்பரிலிருந்து பெற்றோரில் ஒருவர் பெயர் போதும்.

இனி என் கருத்து. அதற்கு அடிப்படையான சட்ட விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். முறையாக நடந்த தத்தை ரத்து செய்துகொள்ள முடியாது. 1956 சட்டத்தின் 15-ஆம் பிரிவு, தத்தெடுத்தவரும் கைவிட முடியாது, பிள்ளையும் பிறந்த வீட்டுக்குத் திரும்ப முடியாது என்கிறது. நாளைக்கு இந்தக் கல்யாணத்திலும் மனஸ்தாபம் வந்தால், பழைய தகப்பன் மீண்டும் தகப்பன் ஆக மாட்டார். நல்ல நேரத்தில் இப்படிப் பேசுகிறேனே என்று வருத்தப்படாதீர்கள். கல்யாணம் முடிந்த மறுமாதமே தத்து என்று ஓடாமல், ஒரு வருடம், முடிந்தால் இரண்டு வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்து பாருங்கள். பாப்பாவுக்கு 15 ஆக இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் தேவையில்லை. பாக்கிக்கு மனுப் போடலாம். குழந்தை வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில், 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தில் உங்களையே காப்பாளராக அறிவிக்கக் கேட்கலாம். அதில் அவர் வந்து ‘ஆட்சேபணை இல்லை’ என்று சொன்னால், ஸ்டாம்பு பேப்பரில் தருவதாகச் சொன்னதை நீதிபதி முன்னால் சொன்னதாக ஆகும், அது பின்னால் தத்துக்கும் உதவும்.

வக்கீல் செலவுக்கு யோசிக்காதீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் அலுவலகம் இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது விவாகரத்துத் தீர்ப்பு நகல், பாப்பாவின் பிறப்புச் சான்று, அவர் பணம் போட்ட ஐந்து மாதத்துக்கான பாஸ்புக் பக்கம், ஊர்ப் பெரியவர்கள் மூலம் வாட்ஸ்அப்பில் ஏதாவது வந்திருந்தால் அதையும் அழிக்காமல் எடுத்துப் போங்கள். அவற்றை நான் பார்க்கவில்லை. ஆகவே மேலே சொன்னதில் உங்கள் தீர்ப்பில் உள்ள வாசகத்துக்கு மாறாக ஏதாவது இருந்தால், அந்த வாசகத்தைப் படித்த வக்கீல் சொல்வதையே கேளுங்கள்.

கடைசி வரியில் ஒன்று கேட்டிருந்தீர்கள், பாப்பா அவரை ‘மாமா’ என்று கூப்பிடுகிறாள், ‘அப்பா’ என்று பழக்கலாமா என்று. இதற்குச் சட்டத்தில் பதிலில்லை. கலெக்டர் முன்னால் ஒருநாள் அவளிடமே, “இவருக்கு மகளாக இருக்க உனக்கு விருப்பமா?” என்று கேட்பார்கள். அந்தப் பதிலை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கக் கூடாது. அதுவரை மாமா என்றே கூப்பிடட்டும்.